நடுக்குருத்து அழுகிய குதிரைப்பல் செடி: இலையும் வேரும் நட்ட 15 மாதக் கணக்கு

2022 நவம்பர் 12, காலை ஏழு மணி இருக்கும். கோயம்புத்தூரில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம் அது. மாடியில் நிழல் வலைக்குக் கீழே வைத்திருந்த ஹவோர்த்தியா ட்ரங்கேட்டா (குதிரைப்பல் என்கிற சதைப்பற்றுச் செடி) கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறதே என்று நடு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாக, வழவழவென்று, புளித்த மாவு வாடை. வலையில் ஒரு இடத்தில் கிழிசல் இருந்து, அதன் வழியாகச் சொட்டிய தண்ணீர் இரண்டு இலைக்கு நடுவில் தேங்கி நின்றிருக்கிறது. தென்னையில் குருத்தழுகல் என்று சொல்வோமே, அதே கதைதான். குருத்து போனால் அந்தச் செடி இனி மேலே வளராது.

மூன்று வருடமாக வளர்த்த செடி. 2,800 ரூபாய் கொடுத்து வாங்கியது. பணத்தை விட, அதன் இலை உச்சியில் இருந்த வெள்ளைக் கோடுகள் எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதே கோட்டோடு இன்னொரு செடி கிடைக்கவே கிடைக்காது என்பதுதான் வருத்தம். அன்றைக்கு ஆரம்பித்து 2024 பிப்ரவரி வரை என்ன செய்தேன், எது பிழைத்தது, எது போனது, ஏன் என்று நினைக்கிறேன் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். இதே நிலையில் செடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு உடனே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வேரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கிடைத்த கன்றுகளில் பாதிக்கு மேல் வேரிலிருந்து வந்தவை.

செடியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். தென்னாப்பிரிக்காவின் லிட்டில் கரூ என்ற வறண்ட பகுதியில், ஓட்ஸ்ஹார்ன் ஊரைச் சுற்றி இயற்கையாக வளர்வது. 1910இல் ஷோன்லாண்ட் என்ற தாவரவியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். இலைகள் இரண்டே வரிசையில் விசிறி மாதிரி அடுக்கி இருக்கும், ஒவ்வொரு இலையும் உச்சியில் கத்தியால் சீவிவிட்ட மாதிரி தட்டையாக முடியும். அந்த ஊரில் இதைக் குதிரைப்பல் என்று சொல்கிறார்கள், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சொந்த இடத்தில் செடி முழுவதும் மண்ணுக்குள்ளேயே இருக்கும், அந்தத் தட்டை உச்சி மட்டும் மண் மட்டத்தில் தெரியும். உச்சி கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது, வெயில் அதன் வழியாக உள்ளே இறங்கி மண்ணுக்குள் இருக்கும் இலைப்பகுதிக்குப் போய்ச் சேரும். செடியை மண்ணுக்குள் இழுத்து வைப்பது வேர். சதைப்பற்றுள்ள தடித்த வேர்கள் சுருங்கிச் சுருங்கி மொத்தச் செடியையும் கீழே இழுக்கும். வேரை எடுத்துப் பார்த்தால் மண்புழு உடம்பில் இருப்பது போல வளையம் வளையமாகச் சுருக்கம் தெரியும்.

இதைப் பெருக்குவது ஏன் சிரமம் என்றால், பக்கக் கன்று மிகவும் குறைவாகத்தான் விடும். என் செடி மூன்று வருடத்தில் ஒன்று கூட விடவில்லை. விதை எடுக்கலாம் என்றால், பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, இன்னொரு செடி ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். அப்படியே விதை வந்தாலும் பிள்ளைகள் தாய் மாதிரி இருக்காது. அதே கோடு வேண்டுமென்றால் அதன் உடம்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வளர்த்தால்தான் உண்டு.

சரி, அன்றைய காலைக்கு வருகிறேன்.

தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்தேன். மொத்தம் எட்டு இலை. நடுவில் இருந்த இரண்டும் போய்விட்டன. வெளிப்பக்கம் இருந்த ஆறும் கெட்டியாக இருந்தன. வேரில் ஏழு தடித்தவை. வேரை எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கு நடுவில் லேசாக நசுக்கிப் பார்க்க வேண்டும். ஹவோர்த்தியா தன் பழைய வேர்களைத் தானே கைவிடும், அவை வெளியே பார்க்க வேர் மாதிரியே இருக்கும், நசுக்கினால் உள்ளே காலியாக, வெறும் உறை மட்டும் இருக்கும். உயிருள்ளது தண்ணீர்விட்டான் கிழங்கைச் சின்னதாக்கின மாதிரி விறைப்பாக, வெளிர் நிறத்தில் இருக்கும். என்னுடைய ஏழும் அப்படி இருந்தன. அழுகல் மேலிருந்து கீழே வந்ததால் வேர் தப்பித்திருக்கிறது. கீழிருந்து மேலே ஏறின அழுகல் என்றால் இந்தக் கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வெங்காயத்துக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும் இல்லையா, மேலே செதில், கீழே வேர், இரண்டும் சேரும் இடம். இந்தச் செடிக்கும் தண்டு என்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு சுண்டுவிரல் நுனி அளவு. முழுக் காரியமும் அந்தத் தட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. இலையை எடுக்கும்போது இலையின் அடியில் தட்டோடு ஒட்டியிருந்த வெள்ளை விளிம்பு சேதமில்லாமல் வர வேண்டும். வேரை எடுக்கும்போது அதன் தலையில் தட்டின் ஒரு சீவலாவது இருந்தால் நல்லது.

இலையைப் பிடித்து மேலே இழுக்கக்கூடாது. அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி, இடமும் வலமும் மெதுவாக ஆட்டி, பக்கவாட்டில் திருப்பினால் சின்னதாக ஒரு டக் சத்தத்தோடு கழன்று வரும். நான்கு இலை அப்படி வந்தன, அடியில் பிறை வடிவத்தில் வெள்ளை விளிம்போடு. இரண்டு பாதியில் முறிந்துவிட்டன, அவசரம்தான் காரணம். முறிந்ததையும் நட்டேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று.

இந்த வெள்ளை விளிம்பைப் பற்றி நிறையச் சொல்லலாம். நாமெல்லாம் சின்ன வயதில் ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்து, ஓரத்துப் பள்ளங்களில் குட்டிக் குட்டிச் செடி முளைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் சதைப்பற்றுள்ள இலை எதுவானாலும் போட்டால் முளைக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. ரணகள்ளி விஷயம் வேறு, அதன் இலை ஓரத்திலேயே குட்டி உருவாவதற்கான ஏற்பாடு இருக்கிறது. ஹவோர்த்தியாவின் இலையில் அப்படி எங்கும் இல்லை. பெரும்பாலும் அடியில் தண்டோடு சேர்ந்திருந்த இடத்தில்தான் திரும்பப் பிரிந்து வளரக்கூடிய திசு கொஞ்சம் இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நம் வீட்டுச் சோற்றுக் கற்றாழையை எடுத்துக்கொள்ளுங்கள், இலையை வெட்டி நட்டுப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர், அது அழுகிப் போவதுதான் வழக்கம். அதே குடும்பத்தில் கேஸ்டீரியா இலையைப் போட்டால் சுலபமாகக் கன்று விடும். ஒரே குடும்பம் என்பதற்காக ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

வேருக்கு நம் ஊரில் நல்ல உதாரணம் கறிவேப்பிலை. மரத்தைச் சுற்றிக் கொத்தும்போது வேர் காயம்பட்டால் அங்கிருந்து ஒரு கன்று கிளம்பும், அதைப் பிரித்துத்தான் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம். வேர் என்பது தண்ணீர் உறிஞ்ச மட்டும் என்று இல்லை, சில செடிகளில் அது கன்றும் விடும். ட்ரங்கேட்டாவும், அதன் நெருங்கிய உறவான மௌகானியும் அந்த வகை. செடியை மாற்றி நடும்போது தெரியாமல் தொட்டியில் தங்கிப்போன வேரிலிருந்து மாதங்கள் கழித்துக் கன்று எட்டிப் பார்த்த அனுபவம் இவற்றை வளர்ப்பவர்கள் பலருக்கு உண்டு.

ஏழு வேரில் நான்கைத் தட்டின் சீவலோடு எடுத்தேன். மூன்றில் சீவல் வரவில்லை, வெறும் வேர். ஒன்றை மறக்கவே கூடாது: வேருக்குத் தலையும் காலும் உண்டு. செடியோடு ஒட்டியிருந்த முனையில்தான் கன்று வரும். தலைகீழாக நட்டால் அது அங்கேயே கிடக்கும். வெட்டிப் பரப்பின பிறகு எது தலை எது கால் என்று குழம்பிவிடும் என்பதால், மேல் முனையை நேராகவும் கீழ் முனையைச் சாய்வாகவும் வெட்டுவது தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். நானும் அப்படியே வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் நீளம். ஷேவிங் பிளேடு, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் ஸ்பிரிட்டில் துடைத்து.

லிட்டருக்கு 2 கிராம் சாஃப் (பூஞ்சைக்கொல்லித் தூள்) கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் எல்லாவற்றையும் போட்டு எடுத்து, காற்றோட்டமான நிழலில் செய்தித்தாளில் பரப்பினேன். பட்டைத் தூள், மஞ்சள் தூள் எல்லாம் தடவுவார்கள். இலையின் காயத்துக்குத் தடவலாம், தப்பில்லை. வேருக்கு நான் தடவுவதில்லை, பட்டைத் தூள் திசுவை ரொம்பவும் உலர்த்திவிடுகிறது என்பது என் கணிப்பு. வேர் துண்டுகளை மூன்று நாள், இலைகளை ஏழு நாள் காய வைத்தேன். மழைக்கால ஈரத்தில் ஏழு நாளே குறைவு, காயத்தில் தோல் கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஈரப்பசை ஒட்டினால் இன்னும் காய வேண்டும்.

மண் கலவையில் மண்ணே இல்லை. மூன்று பங்கு சலித்த செங்கல் குருணை, இரண்டு பங்கு பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் குருணை), ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்க் கழிவு). செங்கல் குருணையைத் தூசி போகிற வரை ஐந்தாறு தடவை கழுவ வேண்டும், அந்தத் தூசிதான் பிறகு களி மாதிரி இறுகி அடியில் தண்ணீரை நிறுத்தும். இரண்டு அகலமான பிரியாணி டப்பாவில் அடியில் துளை போட்டு நிரப்பி, இலைகளை ஓரத்தில் சாய்த்து, அடி முனை அரை சென்டிமீட்டர் மட்டும் புதைகிற மாதிரி வைத்தேன். வேர்களைச் செங்குத்தாக, தலை மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே தெரியும்படி நட்டேன். தலையைப் புதைத்துவிட்டால் ஈரத்தில் அழுகிவிடுகிறது, வெளியே தெரிந்தால் அது பச்சையாகிறதா என்று தினமும் பார்க்கவும் முடிகிறது. மூடியைச் சாய்வாக, ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை வெயில் ஒரு மணி நேரம் மட்டும்.

ஒரு இலைக்கு மட்டும் வேர் ஊக்கித் தூள் தொட்டு வைத்தேன். அது என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

டிசம்பர் கடைசியில் இலைகள் வேர் விட ஆரம்பித்தன, நுனி கண்ணாடி மாதிரி வெள்ளையாக. வேர் டப்பாவில் ஒன்றுமே நடக்கவில்லை. அதற்குள் இரண்டு வேர் போய்விட்டன. ஒன்று சீவலோடு நட்டது, அந்தச் சீவலில் நான் கவனிக்காத ஒரு பழுப்புப் புள்ளி இருந்திருக்கிறது, அங்கிருந்து அழுகல் இறங்கிவிட்டது. சீவல் முழு வெள்ளையாக இல்லையென்றால் சீவலே வேண்டாம், அதைத் தள்ளிவிட்டு வெறும் வேராக நடுவது மேல். இன்னொன்று வெறும் வேர், அது சுருங்கிக் காய்ந்துவிட்டது.

ஜனவரி 28ஆம் தேதி ஒரு வேரின் தலை லேசாகப் பச்சை ஏறியிருந்தது. வெட்டிய பரப்பில் இல்லை, அதன் ஓரத்தில், தோலுக்கும் சதைக்கும் நடுவே. பத்து நாளில் கடுகு அளவுக்கு ஒரு பச்சை மணி. இன்னும் இரண்டு வாரத்தில் அது பிளந்து, கிளி மூக்கு மாதிரி கூரான ஒரு இலை. முதன்முதலில் பார்ப்பவர்கள் இது வேறு செடியோ என்று நினைத்துவிடக் கூடும், ஏனென்றால் கன்றாக இருக்கும்போது தட்டை உச்சியும் இருக்காது, விசிறி அடுக்கும் இருக்காது, இலைகள் சுழல் சுழலாகத்தான் வரும். தாய் மாதிரி ஆக வெகு காலம் ஆகும்.

மார்ச் நடுவில் கணக்கு இப்படி இருந்தது. சீவலோடு நட்ட நான்கு வேரில் மூன்று கன்று விட்டிருந்தன, ஒன்றில் மூன்று, ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று. சுத்தமாகக் கழன்ற நான்கு இலையில் மூன்று கன்று விட்டன, ஒன்றில் இரண்டு, மற்றவற்றில் ஒவ்வொன்று. இலையில் வந்தவை வேரில் வந்தவற்றை விடப் பாதி அளவுதான் இருந்தன. வேருக்குள் தண்ணீரும் உணவும் சேர்ந்து கிடக்கின்றன, கன்று அதைக் குடித்து வளர்கிறது. இலை முதலில் தனக்கு வேர் விட்டுக்கொண்டு பிறகுதான் கன்றைக் கவனிக்க வேண்டும்.

ஊக்கித் தூள் தொட்ட இலை? வேர் பிரமாதமாக விட்டது, மற்ற மூன்றையும் விட இரண்டு மடங்கு. கன்று மட்டும் விடவில்லை. இன்று வரை இல்லை. ஒற்றை இலையை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் காரணம் ஊகிக்க முடிகிறது. 1957இலேயே ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் திசுவை வைத்துக் காட்டியது இது: செடியின் ஹார்மோன்களில் ஆக்சின் ஓங்கினால் வேர் வரும், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர் வரும், இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் விஷயம். வேர் ஊக்கித் தூள் என்பது ஆக்சின். ஹவோர்த்தியா இலைக்கு வேர் விடுவதில் எந்தக் கஷ்டமும் இல்லை, கன்று விடுவதில்தான் கஷ்டம். அங்கே போய் ஆக்சினைக் கொட்டுவதில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை.

பாதியில் முறிந்த இரண்டு இலையில் ஒன்று அழுகியது. இன்னொன்று காயம் ஆறி, பச்சையாக, கெட்டியாக, பதினைந்து மாதம் சும்மா இருந்தது. கடையில் இதய வடிவத்தில் ஒற்றை ஹோயா இலையைத் தொட்டியில் குத்தி விற்கிறார்கள் அல்லவா, கணு இல்லாமல் எடுத்திருந்தால் அதுவும் இப்படித்தான், வேர் விடும், வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், கொடி மட்டும் வராது.

ஏப்ரல், மே மாதங்களில் செடிகள் எல்லாம் நின்றுவிட்டன. வெயில் 36, 37 என்று போனபோது தண்ணீரைப் பத்து நாளைக்கு ஒரு முறை, ஓரத்தில் மட்டும் என்று குறைத்தேன். அப்படியும் ஒரு கன்று போனது. வீட்டில் ஆள் இல்லாத இரண்டு நாள் பக்கத்து வீட்டுத் தம்பி அன்பாக நண்பகலில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், சூடான டப்பாவுக்குள் வெந்த மாதிரி ஆகிவிட்டது. அவனிடம் நான் சரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஜூனில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீச ஆரம்பித்ததும் திரும்ப வளர்ச்சி வந்தது. கூடவே மாவுப்பூச்சியும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன், நான்கு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது.

ஆகஸ்ட் 9. வெறும் வேராக நட்ட மூன்றில் ஒன்று ஏற்கெனவே காய்ந்தது, இன்னொன்று ஜூலையில் அழுகியது. மூன்றாவது எந்த அசைவும் இல்லாமல் இருந்ததால் டப்பாவைக் கழுவி வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளலாம் என்று கையில் தூக்கினேன். தலை ஓரத்தில் பச்சை மணி. ஒன்பது மாதம். அதை அப்படியே பழைய இடத்தில் வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிரிப்பதில் ஒரு இழப்பு. மூன்று கன்று விட்ட வேரிலிருந்து ஒன்றை செப்டம்பரில் பிரித்தேன், நான்கு இலை இருந்தது, பார்க்கப் பெரிதாகத்தான் இருந்தது. அடியில் சொந்த வேர் ஒன்று கூட இல்லை. மூன்று வாரத்தில் சுருங்கிப் போனது. கன்றின் அளவைப் பார்த்துப் பிரிக்கக்கூடாது, லேசாக அசைத்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவற்றை 2024 ஜனவரியில், குளிரில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த சமயம் பிரித்தேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தடித்த வேர் இருந்தது. பிரித்த பிறகும் பழைய வேரையும் இலையையும் எறியவில்லை, இன்னும் கெட்டியாக இருப்பவற்றைத் திரும்ப நட்டிருக்கிறேன்.

ஆக, வேரில் ஏழு, இலையில் நான்கு, மொத்தம் பதினொன்று வந்து, இரண்டு போய், ஒன்பது இருக்கின்றன.

வரிகேட்டட் செடிகளை, அதாவது இலையில் வேறு நிறம் கலந்த செடிகளை, வைத்திருப்பவர்கள் இதை நம்பி உடனே பிளேடை எடுத்துவிட வேண்டாம். மஞ்சள் ஓரம் உள்ள பாம்புக் கற்றாழையின் இலையைத் துண்டு போட்டு நட்டால் வரும் கன்று முழுப் பச்சையாகத்தான் வரும், மஞ்சள் ஓரம் போய்விடும், பல வீடுகளில் நடந்தது இது. அந்த ஓரம் வேறு மரபணு கொண்ட செல் அடுக்கு, புதுக் கன்று எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறதோ அந்த நிறம்தான் வரும். வரிகேட்டட் ஹவோர்த்தியாவிலும் இலை போட்டால் முழுப் பச்சை வரலாம், பச்சையமே இல்லாத வெள்ளைக் கன்றும் வரலாம். பின்னது தாயோடு ஒட்டி இருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். அவற்றுக்குத் தண்டில் இருக்கும் மொட்டிலிருந்து வரும் பக்கக் கன்றுதான் நம்பகமானது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, இன்னொன்று வாங்கினால் போகிறது என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். 2019 வாக்கிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் காட்டுச் சதைப்பற்றுச் செடிகளை, முக்கியமாகக் கோனோபைட்டம் இனங்களை, தோண்டிக் கடத்துவது மிக மோசமாகப் பெருகிவிட்டது. லட்சக்கணக்கில் பிடிபட்டிருக்கின்றன. ஒரு குன்றின் ஒரு சரிவில் மட்டும் வாழும் இனமெல்லாம் உண்டு, அது ஒரே இரவில் காலியாகிவிடும். வளர்ப்பவர் ஒவ்வொருவரும் தன் செடியிலிருந்து நான்கு கன்று எடுத்து நான்கு பேருக்குக் கொடுத்தால், அந்த நான்கு பேரும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத செடியை வாங்க வேண்டியதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒன்பதில் மூன்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், ஒன்று தண்ணீர் ஊற்றிய அந்தத் தம்பிக்கு. மீதி ஆறும் ஜன்னலில். வேரிலிருந்து முதலில் வந்த கன்றுக்கு இப்போது ஏழாவது இலை. முதல் ஆறும் கூர் நுனி. ஏழாவது வெளியே வரும்போதே நுனி மழுங்கி இருந்தது. பிப்ரவரி கடைசி வாரம் காலை வெயிலில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அரிசி முனை அளவுக்கு ஒரு தட்டை உச்சி, உள்ளே ஒளி தெரிகிறது, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.